கண்ணாடியில் ஒரு கையொப்பம்

பிரான்சு நாட்டின் நான்சி நகரில் பிறந்த எமில் காலே (1846–1904) கண்ணாடிக் கலையில் பெரும்புகழ் எய்தியவர். தாம் படைத்த பூச்சாடிகளில் தம் பெயரைப் பொறித்தவர். 1904-இல் அவர் மறைந்தார். அவரது பட்டறையோ தொடர்ந்து இயங்கிற்று. அதன்பின் உருவான சாடிகள் சிலவற்றிலும் அதே பெயரைக் காண்கிறோம். அருகே ஒரு சிறு விண்மீன் மட்டும் சேர்ந்திருக்கும். பெயரை மட்டும் வாசிப்பவர் காலேயின் கைவேலை என்றே கொள்வார். விண்மீனையும் வாசிப்பவரே, அவர் கை அதில் படவில்லை என்று அறிவார்.

ஆலயச் சாளரங்களிலும் இத்தகைய குறிகள் உண்டு. இங்கிலாந்தின் சார்லஸ் கெம்ப், சாளரத்தின் ஓரத்தில் கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றைத் தம் அடையாளமாக இட்டார். 1907-இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற வால்ட்டர் டவர், அக்கதிர்க்கட்டின்மேல் ஒரு கோபுரத்தை வரைந்தார். 'டவர்' என்பதன் பொருளே கோபுரந்தானே! அந்தச் சிறு கோபுரமே இன்று காலத்தைக் கணிக்கும் சான்றாக நிற்கிறது.

நம் நாட்டிலே, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தின் மேற்குச் சாளரம் 1880-இல் மேயோ பிரபுவின் நினைவாக அமைந்தது. வரைந்தவர் பர்ன்-ஜோன்ஸ், செய்தது மாரிஸ் நிறுவனம். ஆனால் கண்ணாடியை அறுத்து, வண்ணந்தீட்டி, சூளையிலிட்டு, ஈயப்பட்டையால் இணைத்த கைகள் யாருடையவை என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஓசூர், இராயக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. ஆலையிலிருந்து வெளிவரும் பொருளில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். உழைத்தவர் பெயர் இராது.

எனவே பழைய சாளரத்தைப் பழுதுபார்க்குமுன் அதன் அடியோரத்தை உற்றுநோக்குவோம். எழுத்தோ குறியோ தென்பட்டால் படமெடுத்து, பங்கின் ஏட்டில் பதிந்து வைப்போம். உடைந்ததென்று எறியப்படும் ஒரு துண்டிலேயே அந்தச் சான்று இருக்கக்கூடும்.

உரோமையர் திருமுகம் பவுலடியாருடையது. எனினும் அதன் முடிவில், அதை எழுதிக்கொடுத்த தெர்தியு தம் பெயராலும் ஒரு வாழ்த்தைச் சேர்த்துள்ளார். அதனால் திருத்தூதரின் பெருமை குறையவில்லை. எழுதிய கையும் மறக்கப்படவில்லை. திருச்சபை அவ்வரியை நீக்காமல் இன்றுவரை காத்துவருகிறது. நம் ஆலயங்களை அழகுசெய்த கைகளுக்கும் அந்த ஒரு வரியேனும் கடன்பட்டிருக்கிறோம்.