வருமான வரியை எதிர்த்துப் பதவியிழந்த சென்னை கவர்னர்

இந்தியாவில் வருமான வரி 1860-ல் வந்தது என்று வணிகவியல் புத்தகங்களில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அது யுத்தச் செலவுக்காக வந்த வரி. 1857 கிளர்ச்சியை அடக்கியதில் கஜானா காலி, கடன் கழுத்துவரை. நிலைமையைச் சரிசெய்ய லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன், 'எகானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். ஆண்டு வருமானம் 200 ரூபாயிலிருந்து 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம் என்றார்.

சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் ஒத்துக்கொள்ளவில்லை. (அயர்லாந்துப் பஞ்சத்தில் கையை இறுக்கியதற்காக இன்றும் திட்டு வாங்குகிறாரே, அவரேதான்.) கிளர்ச்சி நடந்தது வடக்கே, மதுரை ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கு வரை பெரும்பாலும் அமைதியாக இருந்த சென்னை மாகாணம் ஏன் கட்ட வேண்டும்? ராணுவச் செலவைக் குறைத்தாலே போதுமே என்றார்.

இங்கிலாந்தில் 1630-களில் முதலாம் சார்லஸ் மன்னர் பார்லிமெண்டைக் கேட்காமல் கப்பல் வரி வாங்கியபோது, ஜான் ஹாம்டன் அதைக் கோர்ட்டில் எதிர்த்தார். இங்கே சட்டம் போட்ட கல்கத்தா சட்டசபையில் இந்தியர் ஒருவர்கூடக் கிடையாது. மறுத்துப் பேச வாய்த்தவரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான்! அவர் தன் ஆட்சேபணையைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். லண்டன் சும்மா விடுமா? 1860-லேயே திருப்பி அழைத்துக்கொண்டது.

அந்த ஆகஸ்டில் வில்சன் கல்கத்தாவில் இறந்துபோனார். சில ஆண்டுகளில் அவருடைய நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார் ட்ரெவெல்யன். 1865-ல் அவர் காலத்திலேயே வரி நின்றது. 1869-ல் மறுபடியும் வந்துவிட்டது.