அங்கியைக் கழற்றிய பிறகு

ஊழியத்தை விட்டவரைச் சபை 'பின்வாங்கிப் போனவர்' என்று சொல்லும். சேரிச் சபைகளில் வளர்ந்த நமக்கு இந்தச் சொல் புதிதல்ல. விசுவாசத்துக்காகவே ஊழியத்தை விட்ட ஒருவரின் கதையை இன்று எடுத்துக்கொள்கிறோம். சி.எஃப். ஆண்ட்ரூஸை 'காந்தியின் நண்பர்' என்ற ஒரே வரியில் பாடநூல்கள் முடித்துவிடுகின்றன.

ஆங்கிலிக்கன் குருவானவரான அவர் 1904இல் கேம்பிரிட்ஜ் மிஷன் வழியாக டெல்லிக்கு வந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். 1906இல் முதல்வர் பதவி காலியானது. வெள்ளையர் என்பதற்காகத் தன்னை உட்காரவைக்கக் கூடாது, மூத்தவரான சுசில் குமார் ருத்ராவுக்கே அது சேரவேண்டும் என்று உறுதியாக நின்றார். ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1914 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா போனார். டர்பனில் ஒரு தேவாலயத்தில் அவர் பிரசங்கம் செய்தபோது, கேட்க வந்த காந்தி நிறத்தின் பேரால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். நம்மை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே விட்டு, தனி வரிசையில் உட்காரவைத்தார்கள். எது கொடியது என்று இன்னும் நமக்குப் பிடிபடவில்லை.

அதே ஆண்டு வங்காளத்தின் பர்த்வானில் ஆராதனை நடத்துகையில், நம்பாதவர்கள் நித்தியமாக அழிவார்கள் என்று சொல்லும் அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. குருவானவர் பணியை நிறுத்தினார். மிஷனின் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு, தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார். கிறிஸ்துவை மட்டும் விடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தாத்தாக்களுக்கு உபதேசியார் வேலை என்பது பண்ணையாரின் களத்திலிருந்து வெளியேறும் வழி. மாதச் சம்பளம், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு புத்தகம். அதை விட்டுவிட்டு எளிமையாக வாழுங்கள் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எளிமை அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல, பிறப்போடு வந்தது. விடுவதற்கு ஏதாவது இருப்பவர்தான் துறக்க முடியும். ஆகவே ஆண்ட்ரூஸ் எதை விட்டார் என்பதைவிட, விட்ட பிறகு எங்கே போனார் என்பதே நமக்கு முக்கியம்.

அவர் ஆசிரமத்தில் அடங்கிவிடவில்லை. 1915இல் வில்லியம் பியர்சனோடு ஃபிஜிக்குக் கப்பலேறினார். 1879 முதல் 60,000க்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தீவு அது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஐந்தாண்டு ஒப்பந்தம். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது அரசாங்கம் வைத்த கணக்கு. கூலி லயன்களில் நடந்து, தற்கொலைகளையும் கங்காணிகளின் கொடுமைகளையும் கேட்டு, இருவரும் அறிக்கை எழுதினார்கள். 1917இல் அவர் மறுபடியும் போனார். அந்த ஆண்டே ஆள்பிடிப்பு நின்றது. 1920 ஜனவரி 1இல் ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

அந்த அறிக்கையை நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. பெண்களின் ஒழுக்கம் குலைந்தது, இந்துக் குடும்ப வாழ்வு சிதைந்தது என்று அது புலம்புகிறது. பழி நம் பெண்கள் மேல் விழுகிறது. ஒரே லயனில் அடைத்ததால் அங்கே சாதி தளர்ந்ததும் உண்மை; நம் ஆட்களுக்கு அது இழப்பா என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

ஆனாலும் 1936ஐச் சொல்லாமல் விட முடியாது. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்து ஓராண்டு கடந்திருந்தது. மதம் மாறாமல் நல்ல இந்துவாக இருக்கச் சொல்லவேண்டும் என்றார் காந்தி. நெருங்கிய நண்பரான ஆண்ட்ரூஸ், இந்த விஷயத்தில் தன்னால் அவ்வளவு தூரம் வர முடியாது என்றார். கிறிஸ்துவின் வழியாக மட்டுமே மீட்பு என்பதை அவர் எப்போதோ கைவிட்டிருந்தார். இருந்தும், சபைக்குள் வர விரும்புகிறவரை அவர் தடுக்கவில்லை. அந்த உரையாடல் காந்தியின் 'ஹரிஜன்' இதழிலேயே அச்சாகியிருக்கிறது.