சிடி-ராம் மோட்டார்

பழைய சிடி டிரைவில் தட்டைச் சுழற்றும் மோட்டாரைக் கழற்றி, காந்தத்தையும் கம்பியையும் மாற்றி, மாதிரி விமானத்துக்காகச் செய்துகொள்ளும் பிரஷ்லெஸ் மோட்டார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் லூகாஸ், ரெட்ஸ்பாக், கியூஃபுஸ் ஆகிய மூவரின் பெயரால் எல்.ஆர்.கே. என வழங்கிய 12 பல், 14 காந்த முனை கொண்ட மோட்டார் இவ்வகைக் கைவேலைக்கு வழிவிட்டது. கடை மோட்டார்கள் அப்போது விலை கூடியவை. பழுதான டிரைவுகளோ ஏராளமாகக் கிடைத்தன.

இது அவுட்ரன்னர் வகை. நடுவில் காயில் சுற்றிய ஸ்டேட்டர் அசையாமல் நிற்க, காந்தம் ஒட்டிய கிண்ணம் வெளியே சுற்றுகிறது. முறுக்குவிசை அதிகம் என்பதால் கியர் இல்லாமலே புரொப்பெல்லரை மாட்டலாம்.

டிரைவிலிருந்து கிடைக்கும் உண்மையான சொத்து ஸ்டேட்டர்தான். மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த அந்த 9 பல் சக்கரத்தை வீட்டில் வெட்டி எடுப்பது பெரும்பாடு. வலுக்குறைந்த வளையக் காந்தத்தை எடுத்துவிட்டு 12 நியோடிமியம் துண்டுகளை வடக்கு, தெற்கு என மாறி மாறி எப்பாக்சியால் ஒட்டுவார்கள். காந்த அடுக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டின் மேல்முகத்திலும் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டால் முனை குழம்பாது. கிண்ணம் இரும்பாகவே இருக்க வேண்டும். அலுமினியம் காந்தப்புலத்துக்குத் திரும்பும் பாதை தராது.

1, 4, 7 ஆகிய பற்களில் சுற்றும் கம்பி ஒரு ஃபேஸ். 2, 5, 8 அடுத்தது. 3, 6, 9 மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் வேகம் கூடும், இழுக்கும் கரண்டும் கூடும். கம்பி நுனிகளை ஸ்டாராக இணைக்காமல் டெல்டாவாக இணைத்தால் வேகம் ஏறத்தாழ 1.73 மடங்கு.

வேலை கெடுவது பெரும்பாலும் கம்பி சுற்றும்போதுதான். பல்லின் கூர்விளிம்பு கம்பியின் எனாமலைச் சுரண்டிவிடும். விளிம்பை அரத்தால் மழுக்கி, எப்பாக்சி பூசிய பிறகே சுற்றத் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு ஃபேஸ் முடிந்ததும் கம்பிக்கும் எஃகுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பீப் ஒலித்தால் பிரித்துச் சுற்றுவதைத் தவிர வழியில்லை. சோம்பினால் மோட்டாரை இயக்கும் மின்னணு வேகக் கட்டுப்படுத்தி (இ.எஸ்.சி.) எரியும்.

டிரைவிலிருந்த ஹால் சென்சார்கள் தேவையில்லை. மின்சாரம் பாயாத ஃபேஸில் எழும் மின்னழுத்தத்தைக் கொண்டே இ.எஸ்.சி. சுழலியின் நிலையை அறிகிறது. 12 முனை மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 6 மின்சுழற்சி.

சாதாரண ரக நியோடிமியம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். ஆகவே புரொப்பெல்லர் மாட்டியதும் சில நொடி மட்டும் ஓட்டி, கரண்டை அளந்து, தொட்டுப் பார்ப்பார்கள். கை பொறுக்காத சூடென்றால் சிறிய புரொப்பெல்லருக்கு மாறுவார்கள்.