மாத்திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு

"மாத்திரை போட்டாச்சு அக்கா, ஆனா இன்னும் டேட் வரல. கர்ப்பமா இருக்குமா?"

கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவிகளோடு வேலை செய்யும் எங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. முதலில் பதில். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டிய மாத்திரை இது. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். உண்டான கருவைக் கலைக்காது. நூறு சதவீத உறுதி கிடையாது. அடுத்த மாதவிடாய் சில நாட்கள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, உறவு நடந்து மூன்று வாரம் ஆகியும் வரவில்லை என்றாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆனால் அந்த மூன்று வாரப் பயம் உடம்பைப் பற்றியது மட்டுமா? வீட்டுக்குத் தெரிந்தால், ஊருக்குத் தெரிந்தால் என்ற பயமும்தான். சாதி மறுத்த காதல் என்றால் அது உயிர்ப் பயம். 2003-ல் இதே மாவட்டத்தில் கண்ணகியையும் முருகேசனையும் கொன்றார்கள். பெண்ணின் கருப்பையைக் காவல் காப்பதில்தான் சாதி உயிர் வாழ்கிறது.

இதை நம் தலைவர்கள் அன்றே பேசினார்கள். நாட்டின் வறுமைக்காக, உடல்நலத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண் விடுதலைக்காக வேண்டும் என்று 1930-லேயே குடிஅரசில் எழுதினார் பெரியார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகள் கோரும் தீர்மானத்தை பி.ஜே. ரோஹம் கொண்டுவந்தார். அவருக்காக உரையைத் தயாரித்தவர் அண்ணல் அம்பேத்கர். பிரசவ வேதனை ஆண்களுக்கு வந்தால் ஒரு குழந்தைக்கு மேல் எவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றது அந்த உரை. ஆதரவு 11, எதிர்ப்பு 52. தீர்மானம் தோற்றது.

பிறகு அரசே குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. 1975–77 நெருக்கடி நிலையில் வட இந்தியாவில் ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் கட்டாயப்படுத்தி அறுவை செய்தார்கள். அம்பேத்கர் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டது பெண்ணின் விருப்பம்.

2005-ல் இந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க ஒன்றிய அரசு அனுமதித்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. சட்டத்தில் தடை இல்லை; கல்லாவில் இருக்கிறது தடை. பைக் எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி போகக்கூடியவருக்கு ஒரு வழி உண்டு. விடுதியில் இருக்கும் முதல் தலைமுறை மாணவிக்கு 72 மணி நேரம் ஓடிவிடும்.

தோழர்களே, இதை மனதில் வையுங்கள். அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இந்த மாத்திரை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கர்ப்பம் உறுதியானாலும் வழி இருக்கிறது. 18 வயது நிறைந்த பெண் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ள அவள் சம்மதம் போதும். அப்பா, கணவர் கையெழுத்து தேவையில்லை. திருமணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த உரிமை சமம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1938-ல் 11 பேர் கைதூக்கினார்கள். இன்று நாம் எத்தனை பேர்?