உபகாரச் சம்பளமும் தவணையும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ள பாரிவாக்கம், வயலும் ஏரியுமாகக் கிடந்த காலம் போய், பொறியியற் கல்லூரிகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் சுற்றுப்புறத்தில் எழுந்த பிறகு, காலை வேளைகளில் அதன் சந்திப்பில் புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளால் அடையாளம் பெற்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளில் பலர், கல்லூரி திறந்ததும் பாடப் புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் தேடுகிறார்கள். ஏனெனில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தப்பிப்போனால், அந்த ஆண்டுக்குரிய உதவி முழுதுமே தப்பிப்போகும். படிக்கிறவனுக்குப் பொருள் கொடுத்துத் தாங்குவது இந்த நாட்டில் மிகப் பழைய தர்மம். கொடுத்தவர்கள் காலந்தோறும் என்ன நிபந்தனை விதித்தார்கள், யாருக்குக் கெடு வைத்தார்கள் என்பதை ஆராய்வதற்கு, 1997 வரையில் பாரிவாக்கத்தைத் தன் எல்லைக்குள் வைத்திருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவும், அதன் வழியே பட்டணத்துக்குப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் போதிய சான்று தருகின்றன.

அந்த ஜில்லாவின் தென்பகுதியில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலோடு ஒட்டி ஒரு வித்தியாசாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் நடந்த வரலாற்றைச் சொல்லும் அந்தச் சாசனம், மாணவரின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் இரவில் படிப்பதற்கு வேண்டிய விளக்கு எண்ணெயையும்கூட மறவாமல் கணக்கில் ஏற்றியிருக்கிறது. அதற்கும் முந்திய, முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் சாசனம் இன்னும் விரிவானது. விழுப்புரத்துப் பக்கத்திலுள்ள அவ்வூரில் 14 ஆசிரியர்களின் கீழ் 340 மாணவர்கள் பயின்றார்கள். கீழ் வகுப்பினராகிய 270 பேருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஆறு நாழி நெல்லும், மேல் வகுப்பினராகிய 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி நெல்லும் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இந்தக் கல்வி வேதம் பயிலும் அந்தணப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்த நிலத்தை உழுதவனின் மகனுக்கு அங்கே ஒரு நாழி நெல்லும் கிடையாது. ஆயினும், கொடுக்கிறவன் தன்னையே நாள் கணக்கில் கட்டிக்கொண்டு, இன்ன நாளில் இன்ன அளவு என்று கல்லில் வெட்டி வைத்த ஒழுங்கு, பின்னர் வந்த எந்த ஸ்தாபனத்திலும் அவ்வளவு துலக்கமாகக் காணப்படவில்லை.

கொடுத்தவர்கள் மாணவனிடம் கைம்மாறு எதிர்பார்த்ததும் உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் நிறுவிய செமினரியில், கடல் கடந்து பணம் அனுப்பிய அமெரிக்கக் கனவான்களின் பெயர்களே அவர்கள் தாங்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. அங்கே பயின்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள் என்பதை நினைத்தால், அந்த உதவி எவ்வளவு பயன் விளைத்தது என்பது விளங்கும். ஆனால் பயனைப் பெறுவதற்குப் பிள்ளை தன் பெயரின் ஒரு பகுதியையே ஈடாக வைக்க வேண்டியிருந்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பட்டணத்தை நோக்கிச் செல்பவர்கள் சேத்துப்பட்டில் பச்சையப்பன் கல்லூரியைக் காணாமல் போக முடியாது. ஏழைக் குடும்பத்தில் 1754-இல் பிறந்து, பவுனி நாராயண பிள்ளையின் ஆதரவில் வளர்ந்து, துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794-இல், நாற்பது வயதில் காலமாவதற்குச் சில தினங்களுக்கு முன், தம் செல்வத்தைத் தர்மங்களுக்கென எழுதி வைத்தார். அதன் பிறகு நடந்தது தர்மமல்ல, வியாஜ்யம். வாரிசுகளும் நிர்வாகிகளும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருக்க, பணம் வட்டியோடு வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால், கோயில் தர்மங்களுக்கென வகுத்தது போக எஞ்சிய ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய் கல்விக்குத் திரும்பி, ஏழை இந்துப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் 1842-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. அப்பள்ளி 1889-இல் கல்லூரியாகி, 1940-இல் இன்றைய சேத்துப்பட்டு இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1947 வரையில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே அங்கு இடம் கிடைத்தது.

முதலியார் இறந்ததற்கும் பள்ளி திறந்ததற்கும் இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். முதலியார் உயில் எழுதிய ஆண்டில் பத்து வயதாயிருந்த ஏழைப் பையன் ஒருவன், அந்தப் பணத்தில் முதல் வகுப்புத் திறந்தபோது ஐம்பத்தெட்டு வயதுக் கிழவனாயிருப்பான். கொடுத்தவரின் உள்ளத்தில் குறையில்லை, பணத்திலும் குறையில்லை, இன்ன நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் இல்லை.

அதே கல்லூரியில் 1906-இல் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தேற முடியாமல் வெளியேறிய ஓர் இளைஞரின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. சீனிவாச இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறியதால் அதை இழந்தவர். 1912 முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாயிருந்தவர். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணிதக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, 1913 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்துக்குச் சிபார்சுக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சிச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே என்பது விதி. இராமானுஜனிடமோ ஒரு பட்டமும் இல்லை. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டத்தின் முகவுரையே சொல்லும்போது விதியைக் காட்டி மறுப்பது தகாது என்ற வாதம் வென்று, மே மாதம் முதல் தேதியிலிருந்து மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு அவருக்குச் சம்பளம் வழங்கப்பட்டது. கடிதம் எழுதியதற்கும் பணம் தொடங்கியதற்கும் நடுவே இரண்டு மாதமும் சில நாட்களுமே கழிந்தன.

அந்தச் சம்பளத்துக்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும். இராமானுஜனின் முதல் அறிக்கை 1913 ஆகஸ்டு 5-ஆம் தேதியிட்டது. இரண்டாவது நவம்பர் 7. மூன்றாவது 1914 மார்ச் 9. அந்த மூன்றாவது அறிக்கையை முடித்த எட்டாம் நாள், மார்ச் 17-இல், பல்கலைக்கழகம் அளித்த ஆண்டுக்கு 250 பவுன் உதவியோடு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தம்மிடம் மதிப்பெண் கேட்ட கல்லூரிகளில் தேறாத அதே மனிதர், வேலையைக் கேட்ட ஸ்தாபனத்துக்கு மூன்று முறையும் கணக்குக் கொடுத்தார் என்பதில், கெடு வைப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு.

தனவந்தரின் தயவாகவும் பல்கலைக்கழகத்தின் சலுகையாகவும் இருந்த இந்த உதவி, குடிமக்களின் உரிமையாக மாறத் தொடங்கியது 1944-இலேதான். வைசிராயின் நிர்வாக சபையில் டாக்டர் அம்பேத்கர் அங்கம் வகித்த அந்நாளில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கான மத்திய உதவித்தொகை ஏற்பட்டது. பரோடா சமஸ்தானத்தின் சம்பளத்தில் 1913-இல் அமெரிக்கா சென்று படித்தவர் அவர். அதாவது இராமானுஜனுக்குச் சென்னையில் 75 ரூபாய் கிடைத்த அதே ஆண்டு. தமிழ்நாட்டில் 2010-11 கல்வி ஆண்டு முதல், கலந்தாய்வின் வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-இலும் தொடங்கின. எண்ணாயிரத்தில் 340 பேருக்கு எட்டிய தர்மம் இன்று எந்தக் குடிசைக்கும் எட்டக்கூடியதாயிருக்கிறது. இது சாமானிய சாதனை அல்ல.

ஆனால் அது எட்டும் வழி எளிதல்ல. பாரிவாக்கத்துப் பிள்ளை ஒருவன் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறான். அது கிராம நிர்வாக அலுவலரின் பார்வைக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு பூந்தமல்லி தாலுகா அலுவலகத்துக்கும் நகர்கிறது. முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் வேறு யாரும் பட்டம் பெறவில்லை என்ற உறுதிமொழி வேண்டும். கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்று வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் அவன் விண்ணப்பிப்பதற்கு ஒரு கடைசித் தேதி. அதைக் கல்லூரி சரிபார்ப்பதற்கு இன்னொரு தேதி. அவன் தன் தேதிக்குள் முடித்துவிட்டாலும், கல்லூரி தன் தேதியைத் தவறவிட்டால் நஷ்டம் அவனைத்தான் சேரும். பணம் கணக்கில் ஏறும் நாளைப் பற்றியோ, விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குச் செய்யும் விளம்பரத்தில் பாதிகூட எவரும் செய்வதில்லை. செமஸ்டர் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மட்டும் நாள் தப்பினால் அபராதம் உண்டு.

பச்சையப்பரின் பணம் 48 ஆண்டு வழியில் கிடந்ததைப் போன்ற கொடுமை இன்று இல்லை என்பது மெய்யே. எனினும் தவணை என்பது இரு தரப்பையும் கட்ட வேண்டிய உடன்படிக்கை. மாணவனை மட்டும் கட்டினால் அது தண்டனையாகவே முடியும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அச்சிடும் ஒவ்வோர் அறிவிப்பும், தொகை வந்து சேரும் தேதியையும் அதன் கீழே அச்சிட வேண்டும். சரிபார்க்கத் தவறிய ஸ்தாபனமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்த நாள் வரும்வரையில், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள பெற்றோர்கள் செய்ய வேண்டியது ஒன்று: தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், விடுமுறையிலேயே சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்து, வங்கிக் கணக்கையும் ஆதாரோடு இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்று ஓராண்டு செல்லும்.