வாய்தா: ஒரு சின்ன வரலாறு

'வாய்தா' தமிழ் வார்த்தை இல்லைங்க. அரபியில் அதற்கு வாக்குறுதி என்று அர்த்தம். பாரசீகம், உருது வழியா நம்ம கச்சேரிக்கு வந்து சேர்ந்தது. நிலவரி கட்டும் தவணைக்கும் இதே பேர்தான் இருந்தது. 'இன்ன தேதியில கட்டிடுறேன்' என்கிற வாக்கு, எப்படியோ 'இன்னிக்கு முடியாதுங்க ஐயா' ஆயிடுச்சு :-)

1908 சிவில் நடைமுறைச் சட்டத்தில் 17வது ஆணையே இதற்காகத்தான். போதிய காரணம் காட்டினால் கோர்ட் தேதி கொடுக்கலாம். எது போதிய காரணம்? அது நீதிபதி பாடு. 1999ல் திருத்தம் போட்டு, 2002 ஜூலை 1 முதல் ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல் கிடையாது என்றார்கள். அந்தத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனது நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம். 2005 ஆகஸ்ட் 2ல் வந்த தீர்ப்பு, மூணு என்கிற கணக்கு செல்லும், ஆனா கைமீறிய நிலைமை என்றால் தாண்டலாம் என்றது. உதாரணமா போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், கலவரம், அப்புறம் சுனாமி. சுனாமி வந்து அப்போ ஏழு மாசம்தான் ஆகியிருந்தது.

சரி, சுனாமி காரணம்தான். ஒரு நாள் பொழப்பு போறது?

காட்டுப்பள்ளி பக்கம் ஒருத்தர் ஹெல்மெட் கேஸில் மாட்டி, சம்மன் வருதுன்னு வச்சுக்குங்க. அபராதம் 1000 ரூபாய் (தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து). பழவேற்காடு ஏரிக் குப்பங்கள் சிலதில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் விழுகிற இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. கோர்ட் தேதியும் பாடு நாளும் ஒண்ணா விழுந்தா, பொன்னேரிக்குப் போறதா, ஏரிக்குப் போறதா?

1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. இப்போ 1988 சட்டத்தில் 208வது பிரிவு. நேரில் வரலாம், வக்கீலை அனுப்பலாம், இல்லன்னா தேதிக்கு முன்னாடியே 'தப்புதான்' என்று எழுதி, பணத்தை மணியார்டரில் அனுப்பிடலாம். பெரிய குற்றங்களுக்கு இது கிடையாது.

இதில்தான் எனக்கு உறுத்தல். ஒத்துக்கிட்டவருக்கு ஒரு நாள் மிச்சம். 'நான் தப்பு பண்ணலை'ன்னு சொல்றவர்தான் வாய்தாவுக்கு அலையணும், வலையையும் விடணும். 1000 ரூபாய்க்காக யார் வக்கீல் வைப்பாங்க? பல பேர் செய்யாத தப்பையும் ஒத்துக்கிட்டுப் போறாங்கன்னா ஆச்சரியமே இல்லை.

கிரிமினல் பக்கத்திலும் பிடி இறுகிடுச்சு. 2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 346வது பிரிவுப்படி, கைமீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாதான், அதுவும் எதிர்த்தரப்பு ஆட்சேபணையைக் கேட்ட பிறகு. வக்கீல் வேற கோர்ட்டில் இருக்கார் என்பது காரணமே இல்லை. சொல்லாம கொள்ளாம நின்னுட்டா வாரண்ட் வரும். அதனால் தேதிக்கு முன்னாடியே காரணத்தை எழுதிக் கொடுத்துடறது உத்தமம்.

வக்கீல்கள் '317 போடுறது' என்பாங்களே, ஆள் வராமலே அன்றைய நாளை ஓட்டும் மனு, அது இப்போ 355வது பிரிவு. அதில் புதுசா ஒரு விளக்கம் சேர்த்திருக்காங்க: காணொலி வழியா ஆஜரானாலும் நேரில் வந்த மாதிரிதான். படகிலிருந்தே ஆஜராகலாமான்னு யாராவது கேட்டுப் பார்க்கணும்.