மெலிந்தவரின் நீரிழிவு: வகை பிரித்த வரலாறு

வளர்ந்தவருக்கு வந்திருப்பது எந்த வகை நீரிழிவு என்ற கேள்வி கண்டிப் பகுதிக்குப் புதிதல்ல. ஆயுர்வேத மரபில் அதற்குப் பழைய விடை உண்டு. பிறப்போடு வருவதையும் தவறான உணவு, பழக்கங்களால் வருவதையும் சுசுருத சங்கிதை வேறாக்குகிறது. முன்னவர் மெலிந்து வறண்டவர், தாகம் அடங்காதவர். பின்னவர் பருத்தவர், நிறைய உண்பவர். மெலிந்தவருக்கு ஊட்டம், பருத்தவருக்கு உடலை இளைக்க வைக்கும் சிகிச்சை என மருத்துவமும் பிரிந்தது.

மேற்கத்திய மருத்துவம் இதே பிரிவுக்குப் பிந்தித்தான் வந்தது. 1936இல் லண்டனில் ஹேரல்ட் ஹிம்ஸ்வர்த் நோயாளிகளுக்குக் குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்து, அதே வேளையில் இன்சுலினையும் ஏற்றினார். சிலரது இரத்தத்தில் சீனி ஏறவில்லை. சிலரிடம் இன்சுலினையும் மீறி ஏறியது. முதற் கூட்டத்தாருக்கு இன்சுலின் குறைவு, மற்றவர்களுக்கு அது இருந்தும் வேலை செய்யவில்லை என்று அவர் கண்டார்.

கொழும்புக்கு அடுத்து இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் கண்டிக்கு அருகே பேராதனையில் தொடங்கியபோது இந்த இரு பெட்டிகளே பாடமாயின: இளையவருக்கும் மெலிந்தவருக்கும் ஊசி, மூத்தவருக்கும் பருத்தவருக்கும் குளுசை. வெப்ப நாடுகளின் ஏழை நோயாளிகள் பலர் இரண்டிலும் அடங்கவில்லை. உடல் ஒட்டியிருக்கும், சீனி மிக உயர்ந்திருக்கும், ஆனால் இன்சுலின் இல்லாமலும் சிறுநீரில் கீற்றோன் காணாது. கேரளத்தில் மருத்துவர் ஜீவர்கீஸ் ஆராய்ந்த நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களில் முதுகெலும்புக்குக் குறுக்கே கணையம் முழுதும் வெண்கற்கள் தெரிந்தன. உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறைவு நீரிழிவைத் தனி வகையாக ஏற்று, சான்று போதாது என்று 1999இல் நீக்கியது. கணையக் கல் நோய் மட்டும் கணைய நோய்களின் கீழ் தங்கியது. மலையகத் தோட்டங்கள் போலக் குறை எடை நீடித்த இடங்களுக்கு அந்த நீக்கம் நன்மை செய்யவில்லை. 2025இல் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் ஊட்டக்குறைவு நீரிழிவை ஐந்தாம் வகையாக மீண்டும் ஏற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு.

இதற்கிடையே இரத்தமே சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. 1974இல் பொத்தாசோ என்ற ஆய்வாளர் கணையத் தீவுகளைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டார். பின்னர் காட் (GAD) எனப்படும் எதிர்ப்பொருளும் கண்டறியப்பட்டது. வளர்ந்தவர்களில் சிலர் குளுசையோடு சில ஆண்டு சமாளித்த பிறகே இன்சுலினுக்கு வருகிறார்கள் என்பதும், அவர்களுடையதும் தன்னெதிர்ப்பு நோயே என்பதும் இதனால் தெரிந்தன. 2008இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், இளவயதில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோரிடம் காட் எதிர்ப்பொருள் இல்லை. மறுபுறம், அறுபது வயது வரையிலான முதல் வகை (தன்னெதிர்ப்பு) நோயில் ஏறத்தாழ 42 சதவீதம் முப்பதைக் கடந்தபின் வருவதாக 2018இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. வயதை மட்டும் நம்பினால் இரு பக்கமும் தவறு நேரும்.

இன்சுலினோடு சம அளவில் கணையம் சுரக்கும் சி-பெப்டைட் இன்னொரு சாட்சி. ஊசி மருந்தில் அது இல்லாததால் உடலின் சொந்தச் சுரப்பை மட்டும் காட்டும். தொடக்கத்தில் முதல் வகையிலும் சுரப்பு எஞ்சியிருக்கும் என்பதால், நோய் கண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அதன் அளவைத் திடமாக நம்பலாம்.

இச்சோதனைகள் எல்லாக் கிளினிக்குகளிலும் கிடையா. ஆகவே எடை விரைவாக இறங்குகிறதா, கீற்றோன் உண்டா, குளுசை சீக்கிரம் பலனிழந்ததா, நோயாளிக்கோ குடும்பத்தாருக்கோ தைரொயிட் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உண்டா என்று வைத்தியர் பார்க்கிறார். கீற்றோன் ஏறி, எடையும் கரைந்து வருபவருக்கு வகை உறுதியாகும்வரை காத்திருப்பதில்லை. இன்சுலின் அன்றே தொடங்கப்பட வேண்டும்.